நாலு கம்பியும் நிறைய இடைவெளியும்

கல்யாண வீடியோவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? பாடகிக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கைதான் நான். பெயர் கலா. ஊரப்பாக்கத்தில் வீடு, செங்கல்பட்டு மெல்லிசைக் குழு ஒன்றில் வேலை.

பேஸ் என்பது தடித்தடியாக நாலு கம்பி போட்ட கிட்டார். அடித்தொண்டையில் பேசும். மற்ற வாத்தியங்களெல்லாம் ஓடி ஆடுவதற்குக் கீழே தரை போட்டுக் கொடுப்பது அதன் வேலை. ஆபீஸிலோ அடுப்படியிலோ கடையிலோ இப்படித் தரை போடுகிற வேலை பார்த்து, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்புகிற வாசகர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

உன் டர்ன் எப்போது?

செங்கல்பட்டில் ஒரு மண்டபம். மாலை ரிசப்ஷன். எங்கள் குழுவுக்குத் தலைவர் கீபோர்டு வாசிக்கிற செல்வம் அண்ணன். டிரம்ஸுக்குப் பாபு, கிட்டாருக்கு தினேஷ். தினேஷுடையது விரல்களா, மழைக்கு முந்தி கிளம்புகிற ஈசலா என்று சந்தேகம் வரும். அன்றைக்குக் கிட்டாரைப் பிடரிக்குப் பின்னால் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தான். மண்டபமே விசிலடித்தது. அந்த உற்சாகத்தில் பாபு குச்சியைக் காற்றில் சுழற்றிப் பிடித்தான். செல்வம் அண்ணன்கூட புறங்கையால் கீபோர்டை ஒரு வழி வழித்தார்.

நான் மட்டும் கீழே ஒரு சுரம் போட்டு, ஒரு இடைவெளி விட்டு, இன்னொரு சுரம் போட்டுக்கொண்டு நின்றேன். அந்த இடைவெளிதான் எனக்குப் பிடித்த இடம். பாடகி மூச்சு எடுப்பது அங்கேதான். யாரோ ஒருத்தர் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டு நான் கண்ணை மூடி நிற்க, பெண்ணின் பெரியப்பா ஐஸ்கிரீம் கப்போடு மேடை ஓரத்தில் வந்து என்னையே வெகுநேரம் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு இரக்கம். பாட்டு முடிந்ததும் கிட்டே வந்து மெல்லக் கேட்டார்:

"ஏம்மா, எல்லாரும் அவங்கவங்க வித்தையைக் காட்டிட்டாங்க. உன் டர்ன் எப்பம்மா வரும்?"

ரயிலில் முனகியது

ஒத்திகைக்குக் காலை மின்சார ரயிலில் செங்கல்பட்டு போவேன். பரனூர் தாண்டினதும் கொளவாய் ஏரி வந்துவிடும். அங்கே சிக்னலுக்காக ரயில் மெதுவாகும் நாளெல்லாம் எனக்கு நல்ல நாள். தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெயில் அதன்மேல் எண்ணெய் போலப் பரவியிருக்கும். நாம் போகிறோமா, ஏரி போகிறதா என்று தெரியாது. தண்டவாளம் மாறுகிற இடத்தில் சக்கரம் 'தடக்' என்னும். அப்புறம் ஒன்றும் இருக்காது. நீளமாக ஒன்றும் இருக்காது. பிறகு 'தட தடக்'.

ஒருநாள் அந்த ஒன்றுமில்லாததற்குள்ளிருந்து ஒரு மெட்டு எழுந்து வந்தது. ரொம்பச் சின்னது. மூன்று நாலு சுரம்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. கண்ணைத் திறந்தால் போய்விடுமோ என்று பயந்து, மூடிக்கொண்டே அடித்தொண்டையில் "ம்... ம்ம்... ம்" என்று முனகிப் பார்த்தேன். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியிருக்க வேண்டும். எதிர் சீட்டில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா நூலை நிறுத்திவிட்டு என் முழங்காலைத் தொட்டார்:

"இன்னாம்மா, வயித்து வலியா? எறங்கனதும் ஒரு சோடா குடி, சரியாப் பூடும்."

முதுகில் மோட்டார்

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில் கல்யாணம். கடற்கரை மணலிலேயே பந்தல். மத்தியான வெயில், காற்று, ஒரு பக்கம் நீல வலைக் குவியல். மேடையில் இடம் பற்றாமல் என் ஸ்பீக்கர் பெட்டியைக் கீழே இறக்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகு ஒன்றின்மேல் சாய்த்து வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து சேரவில்லை. பாடகி டீ குடிக்கப் போயிருந்தார். தினேஷ், கிட்டார்க் கம்பி அறுந்துபோய்ப் புதுக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தான். "கலா, ஏதாச்சும் வாசிச்சுகினு இரு. மேடை சும்மா கெடக்க வேணாம்" என்றார் செல்வம் அண்ணன்.

இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டி விட்டேன். அது முழங்கி, தேய்ந்து, மணலுக்குள் இறங்கி மறையும்வரை காத்திருந்தேன். அப்புறம் இன்னொன்று. பாபு குச்சியை வைத்துவிட்டு உள்ளங்கையால் டிரம்மைத் தடவிக்கொண்டிருந்தான். அலை வருவதும் என் கம்பி முழங்குவதும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுத்துப் போயின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகில் முதுகைச் சாய்த்து இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. ஒருத்தி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கியே போய்விட்டாள். கையில் பாதி உரித்த இறால்.

வேன் வந்துவிட்டது. செல்வம் அண்ணன் குத்துப்பாட்டுக்குச் சைகை காட்ட, நான் கம்பியைக் கையால் அமுக்கினேன். அந்தப் பெண் திடுக்கென்று விழித்தாள். கண்ணில் கோபம்.

"யாருடி மோட்டாரை ஆஃப் பண்ணது? முதுகுக்கு நல்லா இருந்துச்சே! போட்டு வுடு!"

குதிரைவால்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் சனி, ஞாயிறு சாயங்காலம் நாங்கள் வாசிப்போம். குழுவுக்கு நிலையான வேலை என்று இருந்தது அது ஒன்றுதான். புதிதாக வந்த மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதையும் போன் திரை வழியாகவே பார்ப்பவர். செல்வம் அண்ணனிடம் ஒரு வீடியோவைக் காட்டி, "கெஸ்டுங்க பார்த்ததும் போனைத் தூக்கணும். அந்த மாதிரி ஒரு பேஸ் பிளேயர் வேணும்" என்றிருக்கிறார். அண்ணன் இதை என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் ஓட்டலில் என் இடத்துக்கு எட்வின் சார் வந்தார். ஐம்பது வயசு, நரைத்த முடியில் குதிரைவால், ஆறு கம்பி பேஸ். ரொம்ப காலம் சுற்றுலாக் கப்பல்களில் வாசித்துவிட்டு இப்போது மறைமலை நகரில் குடியிருக்கிறார்.

முதல் சனிக்கிழமை நானும் போனேன். ஓட்டல் எல்லைக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே, சவுக்குமரங்களுக்கு அடியில், மணலில் உட்கார்ந்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைப்பானேன்? சூரியன் ஊர்ப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்க, கடல் சிலேட்டு நிறத்துக்கு மாறுகிற நேரம். எட்வின் சார் கட்டைவிரலால் கம்பியை அடித்து, ஆள்காட்டி விரலால் இழுத்துத் தெறிக்க விட்டார். அலை விளிம்பில் குடுகுடுவென்று ஓடுகிற சின்னக் குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்குமே, அப்படி இருந்தது. அத்தனை சுரம், ஒன்றுகூட மற்றொன்றின்மேல் இடிக்கவில்லை. போன்கள் எல்லாம் உயர்ந்தன. இடைவெளி, அமைதி என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம், வேகம் வராதவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற சமாதானம்தானா? கையை மணலுக்குள் புதைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

நடுவில் ஓய்வு விட்டபோது செல்வம் அண்ணன் கயிற்றைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவரு நல்லாத்தான் வாசிக்கிறாரு கலா. கூட வாசிக்கிற எனக்குத்தான் மூச்சு வாங்குது."

பின்னால் வந்த பஸ்

டிரம்ஸ் பாபு மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுவான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மறுபடி செங்கல்பட்டு. ஒரு காலையில் திருக்கழுக்குன்றம் போக அவன் வண்டியிலேயே ஏறினேன். முன்சீட்டில் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். எப்போதும் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறவன் அன்று கல் மாதிரி இருந்தான். ஓட்டலில் இரண்டு வாரமாகத் தாளம் தப்பிக்கொண்டே இருக்கிறதாம். எட்வின் சார் எங்கே ஆரம்பித்து எங்கே வந்து விழுகிறார் என்றே பிடிபடவில்லையாம். டிரம்மரையும் மாற்றிவிடலாமே என்று மேனேஜர் கேட்டுவிட்டாராம்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. தூக்கத்தில் எழுப்பித் தாளம் போடச் சொன்னாலும் பிசகாதவன் பாபு. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. விட்டு விட்டு அடித்தது. அப்புறம் விடாமல் அடித்தது. வண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பாபுவைத் தவிர. அவன் நடுரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தான். நான் அவன் தோளைத் தட்டி, கையைக் காட்டின பிறகுதான் பதறி ஓரம் கட்டினான். பஸ் எங்களை உரசுகிற மாதிரி பாய்ந்து போனது. புழுதி அடங்குவதற்குள் பின்சீட்டிலிருந்து, மலைக்கோயிலுக்குப் போகிற ஒரு அம்மா கத்தினார்:

"இன்னா நைனா, ஏரோப்ளேன் வந்தாக்கூட வழி வுட மாட்டியா?"

டாக்டர் சொன்னது

எல்லாரும் இறங்கிப் போனபின், மலையடிவாரத்தில் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு பாபு சொன்னான். "காதுக்குள்ள கொசு பாடிகினே கீதுக்கா. ரொம்ப நாளா. சிம்பல் தட்டு அடிச்சா எனக்கே கேக்கறதில்ல. பாடற அக்கா குரலு அங்கங்க காணாமப் பூடும்." பிறகு எப்படி வாசித்தாய் என்று கேட்டேன். "உன் பெட்டி என் ஸ்டூலாண்ட இருக்குமில்ல, அத்த வச்சுத்தான். நீ ஒண்ணு போட்டா எனக்குத் தொடையில வந்து சொல்லும். நீ வுடற கேப்புல நான் யோசிச்சுக்குவேன். எட்வின் சாரு மேல மேல போறாரு, தொடைக்கு ஒண்ணுமே வர்ல." என் வாசிப்பை யாருமே கேட்பதில்லை என்று இத்தனை நாள் சலித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளும் தொடையால் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். வராந்தாவில் வேப்பமரத்து நிழல் ஆடிக்கொண்டிருந்தது. பாபு அதன் அசைவுக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடுவது கேட்காமல் உட்கார்ந்திருந்தான். காது டாக்டர் இளம் பெண். எல்லாச் சோதனையும் செய்து, போய்விட்ட செவித்திறன் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பொறுமையாக, சத்தமாக, முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றே ஆட்டோச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடுவதாக பாபு ஒத்துக்கொண்டான். ஆனால் எழுந்திருக்கவில்லை. டிரம்ஸ் பற்றிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நான் கேட்டேன், இனிமேல் வாசிக்கலாமா என்று. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாராளமா வாசிக்கட்டும். ஆனா காதை அடைச்சுக்கிட்டு வாசிக்கட்டும்."

கை நிற்கும் இடம்

செல்வம் அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் எங்கள் ஒத்திகை. ஜன்னலைத் திறந்தால் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கும். எட்வின் சாரை அங்கே வரச்சொல்லி விஷயத்தைச் சொல்லி, கொஞ்சம் இடம்விட்டு வாசிக்கக் கேட்டோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "கஷ்டமா இருக்கு. ஆனா டிரம்மருக்குக் காது கேக்கலைன்னா நான் ஏன் என் வாசிப்பை மாத்தணும்?" என்றார். பாபு பாதி உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொண்டு தலையைக் குனிந்தான். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. பேசத் தெரியாததால் பெட்டியைப் பாபுவின் ஸ்டூலுக்கு அடியில் தள்ளி, கம்பியைத் தட்டினேன். ரயிலில் முனகின அந்தச் சின்ன மெட்டு. பாபு காதில் பஞ்சு போன்ற அடைப்பானைத் திணித்துக்கொண்டு கண்ணை மூடினான். நிமிர்ந்தான். வாசித்தான். வெளியே மழை தூற ஆரம்பித்தது. ஜன்னல் கம்பியில் நீர் கோத்து நின்று, கனத்து, ஒவ்வொன்றாக விழுந்தது. அறையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் வயசு இல்லாமல் போன மாதிரி ஒரு நேரம் அது.

எட்வின் சார் எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து, ஸ்டூலடியில் இருந்த என் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். குதிரைவால் அதிர்ந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, "இப்ப நான்" என்று தன் பேஸை மாட்டிக்கொண்டு அதே மெட்டை வாசித்துப் பார்த்தார். முதல் சுரம் சரி. இடைவெளி வந்ததும் விரல்கள் குடுகுடுவென்று ஓடிவிட்டன. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி ஓடின. தன்னையே பார்த்துச் சிரித்தார். "கப்பல்ல ஜனங்க சாப்பிட்டுகிட்டே இருப்பாங்க கலா. ஒருத்தராவது தலையைத் தூக்கணும்னா கை நிக்கவே கூடாது. ஒரு செகண்ட் நிறுத்தினா ஸ்பூன் சத்தம் கேட்கும்" என்றார். பாபு அவர் முழங்காலில் கையை வைத்து, இடைவெளி முடிகிற இடத்தில் மெல்ல அமுக்கிக் காட்டினான். அதற்கப்புறம் ஒரு முறை வந்தது. ஒரே ஒரு முறை, முழுசாக. எட்வின் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்றார். பிறகு சொன்னார்:

"வேகமா வாசிக்க எனக்குப் பயமே கிடையாது. இந்தக் கேப்புல சும்மா நிக்கத்தான் கால் நடுங்குது."

எஃபெக்ட்

மேனேஜரிடம் எட்வின் சாரே பேசினார். டிரம்ஸுக்குப் பாபுதான், கீழே வாசிக்கக் கலா வேண்டும், மேலே நான், சம்மதமில்லை என்றால் குதிரைவாலும் கிளம்பிவிடும் என்றார். ஒரே குழுவில் இரண்டு பேஸா என்று மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் போன் தூக்குகிற ஆட்களை இழக்க மனமில்லாமல் சரி என்றார். அடுத்த சனிக்கிழமை மேடையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பாபுவின் ஸ்டூலை வைத்து, பலகையோடு ஒட்டி என் பெட்டியை வைத்தோம். நான் சோதனைக்கு ஒரு தட்டுத் தட்டினதும் பாபு ஷாக் அடித்தவன் மாதிரி எழுந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அன்று சாயங்காலம் காற்று அடங்கியிருந்தது. நான் ஆரம்பித்தேன். எட்வின் சார் என் தலைக்கு மேலே பறந்தார். பழைய வேகம்தான், ஒரு சுரம்கூடக் குறைக்கவில்லை. ஆனால் இறங்குவதற்குக் கீழே இடம் இருப்பது தெரிந்த பறவை வேறு மாதிரி பறக்கும் போலிருக்கிறது. அவர் ஏற ஏற நான் ஆழமாக நின்றேன். என் பழைய சந்தேகம் தீரவில்லை, ஆனால் அதைக் கேட்க அப்போது எனக்கு நேரமில்லை. பாபு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் படகு ஓட்டுவதுபோல ஓட்டினான். போன்கள் உயர்ந்தன. பிறகு ஒரு இடத்தில், நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, எட்வின் சார் கையை எடுத்துவிட்டார். நானும் எடுத்தேன். செல்வம் அண்ணன் எடுத்தார். பாபு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் வரப்போகிற அதிர்வுக்காகக் காத்திருந்தான். அந்தப் பெரிய இடைவெளிக்குள் அலை வந்து, சுருண்டு, நுரைத்து, மணலில் உறிஞ்சப்பட்டு, திரும்பிப் போனது. எட்வின் சாரைப் பார்த்தேன். கால் நடுங்கவில்லை. உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக, யாரும் சொல்லாமலே, கீழே இறங்கின. நான் கம்பியைத் தட்டினேன், எல்லாரும் ஒன்றாக உள்ளே வந்தோம்.

முடிந்ததும் கைதட்டல் வர ஒரு கணம் தாமதமானது. வந்தபோது பாபு உள்ளங்கையைப் பலகையில் வைத்து அதைக் கேட்டான். மேனேஜர் கையில் போன் இல்லாமல் வேகமாக மேடைக்கு வந்தார். அந்த ஓட்டலில் தினமும் இருக்கிறவர், முகத்தில் புதுசாக எதையோ கேட்டுவிட்ட மலர்ச்சி.

"எல்லாம் சூப்பர் மேடம்! நடுவுல அலை சத்தம் மாதிரி ஒண்ணு வந்துச்சே, அந்த எஃபெக்ட் யாரு போட்டது?"

ஆக, நன்றாக வாசித்தால் பாராட்டு பாடகிக்கும், தப்பாக வாசித்தால் திட்டு டிரம்மருக்கும், வாசிக்காமல் சும்மா இருந்தால் பெருமை கடலுக்கும் போய்ச் சேருகிற தொழில் எங்களுடையது.